சுத்தமான தடம்

மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. "பொண்ணோட தடத்தை மட்டும் ஒரு தடவை வாசிச்சுடலாம். சும்மா ஒரு திருப்திக்குத்தான்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, கேசரியை ஸ்பூனால் வழித்தபடி. பெண்ணின் அம்மா பூங்கோதை கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, சிரித்த முகம் மாறாமல் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதுக்கென்ன, தாராளமா வாசிங்க. எங்க வீட்ல ஒளிக்க என்ன இருக்கு?" என்று கூடத்தில் அவள் கணவர் குணசேகரன் சொல்வது கேட்டது. திண்டுக்கல்லில் கூட்டுறவு வங்கி மேலாளர் அவர். எதையும் மெதுவாகத்தான் சொல்வார்.

தடம் வந்த புதிதில் கடன் கொடுக்கிறவர்கள்தான் அதைக் கேட்டார்கள். ஓர் ஆள் இணையத்தில் எதைத் தேடினார், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார், யாருக்கு என்ன மின்னஞ்சல் எழுதினார், எழுதியதில் எதை அனுப்பாமல் அழித்தார் என்று ஆதியிலிருந்து கோத்து, ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடும் ஓர் ஏற்பாடு. பிறகு வேலை கொடுக்கிறவர்கள் கேட்டார்கள். பிறகு வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள். கடைசியில் கல்யாணத்துக்கும் வந்து சேர்ந்தது. கல்யாணம் என்று வந்துவிட்டால் நம்மவர்களுக்குச் சாங்கியம் இல்லாமல் முடியாதே. ராகு காலம் கழித்து உட்கார வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பரப்பி, நடுவில் டேப்லெட்டை வைத்து, அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட வேண்டும். தட வாசிப்பாளர் என்று ஒருவர் பட்டுத்துண்டு போட்டுக்கொண்டு வந்து இரு வீட்டார் நடுவே உரக்க வாசிக்க வேண்டும். சட்டப்படி கட்டாயம் ஒன்றும் இல்லை, விருப்பமில்லாதவர்கள் மறுக்கலாம். மறுத்த பெண்ணுக்கு அடுத்த ஜில்லாவில்கூட மாப்பிள்ளை கிடைக்காது, அவ்வளவுதான்.

மகள் சஷ்டிகா கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் இன்ஜினியர். அவளுக்கு இந்தத் திலீபனைப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவன் பெயர் அடிபடும்போதெல்லாம் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொள்வாள். பெற்றவளுக்கு அது போதாதா?

சிக்கல் என்னவென்றால், சஷ்டிகாவின் தடத்தில் சஷ்டிகா இல்லை. பூங்கோதைதான் இருந்தாள்.

பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் சஷ்டிகா பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கினார்கள். நம் வீடுகளில் அதுதானே வழக்கம்! பிள்ளை பெயரில் ஒரே முகவரி. கேஸ் பதிவு, கரண்ட் பில், அப்பாவின் இன்சூரன்ஸ், அம்மா பார்க்கும் கோலம் எல்லாம் அதற்குள்ளேதான். கடவுச்சொல், பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும். மறந்துபோனால் மீட்பதற்கு அப்பாவின் செல் நம்பர். கோயம்புத்தூர் போனதும் சஷ்டிகா தனக்கென்று வேறு கணக்கு வைத்துக்கொண்டாள். பழையது வீட்டிலிருந்த பழைய போனில் அப்படியே கிடந்தது. ஆனால் தடத்துக்கு முதலில் பதிந்த முகவரிதான் ஆள். அதைப் பொறுத்தவரை, திண்டுக்கல் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருப்பவள்தான் சஷ்டிகா.

அந்தப் போனில் பூங்கோதை முதன்முதலில் தேடியது, கதவிடுக்கில் நசுங்கிய விரல் மடங்காவிட்டால் என்ன செய்வது என்று. காற்றில் கதவு சாத்திக்கொண்டது என்று குணசேகரன் டாக்டரிடம் சொல்லியிருந்தார். அன்று காற்றே இல்லை. அது பீரோக் கதவு. அவர்தான் சாத்தினார், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக. வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள் என்பதற்காக.

அவர் குடிக்க மாட்டார். கை ஓங்க மாட்டார். தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷர் என்பார்கள். அவர் திருத்துவார், அவ்வளவே. அவள் உட்கார்ந்த விதம், பரிமாறிய விதம், யாரிடமோ பேசிய ஒரு வார்த்தை, எதுவானாலும் திருத்தாமல் விட அவரால் முடியாது. திருத்தம் சில நாள் ஒரு வாக்கியத்தோடு முடியும். சில நாள் முடியாது.

விரலுக்குப் பிறகு அவள் தேடியது வேறு மாதிரி. வீடு கணவர் பெயரில் இருந்தால் மனைவிக்கு என்ன உரிமை. சொல்லாமல் போய்விட்டால் போலீஸ் தேடுமா. பெண்கள் தங்க எங்கே இடம் கிடைக்கும். அப்படித்தான் தஞ்சாவூரில் ஓர் இல்லம் கண்ணில் பட்டது. பயந்துகொண்டே ஒரு மின்னஞ்சல் எழுதினாள். அற்புதமேரி என்று ஒருவர் பதில் போட்டார். 'அக்கா என்றே கூப்பிடுங்கள்' என்று அவர் எழுதியதைப் படித்து அடுப்படியிலேயே அழுதாள். அக்காவின் குரலைக்கூட அவள் கேட்டதில்லை. போன் வேண்டாம், எழுத்துத்தான் பத்திரம் என்றார் அக்கா. மகள் கழுத்தில் தாலி ஏறட்டும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு தஞ்சாவூர் போய்விடுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள், பாவம். ஒவ்வொரு கடிதத்தையும் படித்த கையோடு அழிப்பாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்வாள். அதற்கு மேலும் மனசு கேட்காமல் போன் திரையை முந்தானையால் துடைத்து வைப்பாள்.

இப்போது அத்தனையும் மகளின் பெயரில், சம்மந்தி வீட்டார் நடுவில், தாம்பாளத்தில் வைத்து வாசிக்கப்படும். கல்யாணம் நின்றுபோகும். அது மட்டுமல்ல, வாசிப்பது யாருடைய தடம் என்று அந்தக் கூடத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் உடனே புரியும்.

பிளவுஸுக்கு அளவு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நாகல் நகரில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே இருந்த வழக்கறிஞர் பர்வீனின் அலுவலகத்துக்குப் போனாள். தடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் தேடிப்போகும் இடம் அது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், காத்திருக்கும் பெஞ்சில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிய இரண்டு பெண்கள், கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு ஒரு பெரியவர். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"போன் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றுதான் பர்வீன் முதலில் கேட்டார்.

"இல்லம்மா. பயமா இருந்துச்சு, வீட்லயே வச்சிட்டேன்."

"நல்லது. நீங்க இங்க வந்தது எதுலயும் பதியாது. என்ன பிரச்சனை, சொல்லுங்க."

பூங்கோதை எல்லாவற்றையும் சொன்னாள். இத்தனை வருடத்தில் வாயைத் திறந்து இன்னொரு மனுஷியிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. சொல்லி முடித்துவிட்டு, "ஆனா நான் அந்தக் கறுப்புப் பக்கம் ஒண்ணு வருமேம்மா, அதுலதான் தேடுவேன். அதுல தேடினா எதுவும் சேமிக்காதுன்னு போட்டிருந்துச்சே" என்றாள்.

"அந்தப் போன்ல சேமிக்காது. உங்களுக்கு அப்புறம் போனை எடுக்கிறவருக்குத் தெரியாம இருக்கும், அவ்வளவுதான். நீங்க போய் நின்ன பக்கத்துக்குத் தெரியும். உங்களுக்கு நெட் தர்ற கம்பெனிக்குத் தெரியும். தடம் அங்கேருந்துதானே எடுக்கறாங்க?"

"கடிதத்தை எல்லாம் அழிச்சேன். குப்பையையும் அழிச்சேன்."

"உங்க பக்கத்துல அழிஞ்சிருக்கும். போய்ச் சேர்ந்த பக்கத்துல? மெயில்ங்கிறது ஒட்டாத கவர் மாதிரிம்மா. போற வழியில யார் கை பட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியப் போறதில்ல. உங்களுக்குன்னு ஒரு தனிக் கணக்கு, வேற யாரும் தொடாத ஒரு போன், உங்க நம்பருக்கே வர்ற ஓடிபி இருந்திருந்தா நான் இன்னும் தைரியமா பேசுவேன். குடும்பத்துக்கே ஒரு கணக்குன்னா அது நடு ரோட்டுல குளிக்கிற மாதிரி."

பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டாள். பர்வீனுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தணித்தார்.

"சட்டத்துல ஒரு வழி இருக்கு. வாசிக்கிறதுக்கு முன்னாடி கணக்குக்காரர் தடத்தைத் திறந்து முழுசாப் படிச்சுட்டு, வேண்டாத வரிகளை நீக்கச் சொல்லலாம். நீக்கினது சபையில யாருக்கும் தெரியாது."

"அப்ப நீக்கிடுங்கம்மா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மீட்பு நம்பர் யாரோடது?"

"அவரோடது."

"அந்த நம்பருக்கு ஒரு ஓடிபி வரும். அது இல்லாம தடம் திறக்காது."

"மக கையில சொல்லி நம்பரை மாத்திட்டா?"

"மாத்தறதுக்கும் பழைய நம்பருக்குத்தான்மா ஓடிபி வரும்."

குணசேகரன் குளிக்கப் போனால்கூடப் போனைக் குளியலறைக்குள் எடுத்துப் போகிறவர். பூங்கோதைக்கு அழுகை வரவில்லை.

"இப்படியே இங்கேருந்து கிளம்பிடுங்களேன்" என்றார் பர்வீன். "போலீஸ்ல பேசறேன். நான் கூட வர்றேன்."

"அவ கல்யாணம் முடியட்டும்மா."

"அப்ப மகள்கிட்டயாவது சொல்லிடுங்க. நேர்ல சொல்லுங்க. போன்ல மூச்சு விடாதீங்க."

அன்றிலிருந்து அவள் அந்தப் பழைய போனைத் தொடவில்லை. அக்காவுக்கு ஒரு வரி எழுதவில்லை. தட வாசிப்பு என்று ஒன்று நடக்கப்போகிறது என்பதைக்கூடத் தெரிவிக்கவில்லை. போன் அரிசி டப்பாவின் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்தாலே அவளுக்கு உடம்பு கூசியது, உள்ளே யாரோ உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

ஒரு நாள் சாப்பிடும்போது, "இப்பல்லாம் நீ போனே பாக்கறதில்லையே?" என்றார் குணசேகரன்.

"கண்ணு எரியுதுங்க."

"ம். சார்ஜாவது போட்டு வை. பொருள் கெட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். சாதாரணமாகச் சொன்னாரா, சாடையாகச் சொன்னாரா? கூடவே வாழ்ந்த மனிதரின் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் திண்டாடுவதைவிடப் பெரிய தண்டனை இருக்கிறதா என்ன.

சனிக்கிழமை சஷ்டிகா வந்தாள். மகளிடம் தனியாகப் பேசப் பூங்கோதை எடுத்த முயற்சி ஒன்றும் பலிக்கவில்லை. மாடிக்குப் போனால் அவரும் காற்று வாங்க வந்தார். கோயிலுக்குப் போனால் அவரும் சட்டையை மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, மகளுக்குப் புடவை மடிப்பு எடுத்துவிடும்போதுதான் ஒரு நிமிஷம் கிடைத்தது.

"சஷ்டி, இன்னிக்கு வாசிக்கும்போது ஏதாவது வந்துச்சுன்னா..."

"என்னம்மா வரப்போகுது? காலேஜ்ல ஒருத்தனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதினது வரும். அதைத் திலீபன்கிட்ட எப்பவோ சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"அது இல்லடி. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நல்ல நேரம் ஓடிட்டிருக்கு" என்றார் குணசேகரன், அறை வாசலில் நின்றபடி. அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

தட வாசிப்பாளர் நீலமேகம் கனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முன்பு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தவராம். தொழில் மாறியதே தவிர இழுவை மாறவில்லை. டேப்லெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திலீபனின் தடத்தை முதலில் வாசித்தார். மண்புழு உரம், கிரிக்கெட், வழுக்கைக்கு மருந்து. இரு வீட்டாரும் சிரித்தார்கள். திலீபன் தலையைத் தடவிக்கொண்டான். பூங்கோதை கூடத்தின் ஓரத்தில் தூணோடு தூணாக உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப பொண்ணோட தடம்" என்றார் நீலமேகம்.

படிப்புப் பகுதி போயிற்று. சமையல் பகுதி போயிற்று. "பொண்ணுக்குக் கோலத்துல ரொம்ப ஆசை போலிருக்கு" என்றார். சஷ்டிகா புருவத்தை உயர்த்தி அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு கோடுகூடப் போட வராது. "அடுத்து, மனசும் குடும்பமும்" என்று சொல்லிவிட்டு நீலமேகம் நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோனார்.

இதோ வந்துவிட்டது என்று பூங்கோதை நினைத்தாள். எழுந்து ஓடலாமா, 'நான்தான் எழுதினேன், என் பொண்ணு இல்ல' என்று கத்தலாமா என்று யோசித்தாள். கத்தத்தான் வேண்டும். மகளின் வாழ்க்கை கெட்டுப்போக விட முடியாது. வாயைத் திறந்தாள். எதிர்ப்பக்கம் குணசேகரன் கைகளை மடிமேல் வைத்து அமைதியாக அமர்ந்திருந்தார்.

"ஒண்ணுமே இல்லைங்க" என்றார் நீலமேகம். "நான் எத்தனையோ வீட்ல வாசிச்சிருக்கேன். சண்டை இல்ல, சச்சரவு இல்ல, ஒரு சந்தேகத் தேடல்கூட இல்ல. சுத்தமான தடம். மகாலட்சுமி!"

எல்லோரும் கை தட்டினார்கள். சம்மந்தியம்மாள் எழுந்து வந்து சஷ்டிகாவுக்குப் பூ வைத்தாள். பூங்கோதைக்கு அடக்க முடியவில்லை. பொங்கிப் பொங்கி அழுதாள். கைக்குட்டை இல்லாமல் முந்தானையாலேயே கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டாள். "பெத்த மனசு" என்று சம்மந்தி வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். குணசேகரன்தான் எழுந்து வந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார், எல்லோரும் பார்க்க.

முகூர்த்த நாளும் குறித்தாயிற்று. அவர்கள் விடைபெற்றுப் போனபின், கொல்லைப்புறக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த மகளின் பின்னால் போய் நின்றாள் பூங்கோதை. மகளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. எப்படித் தெரிந்ததோ, எப்படிச் செய்தாளோ, பெற்றவளைக் காப்பாற்றிவிட்டாளே!

"நீ எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் செத்தே போயிட்டேன்."

"எதை எடுத்துட்டேன்?"

"தடத்துல இருந்ததை. உன் பழைய கணக்குல."

"அம்மா, அந்தக் கணக்கோட பாஸ்வேர்டே எனக்கு இப்ப ஞாபகம் இல்ல. நானே கேக்கணும்னு இருந்தேன், அந்தக் கோலம் எல்லாம் நீ பாத்ததுதானே? அதுல வேற என்ன இருந்துச்சு?" சஷ்டிகாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏம்மா முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. வெயில்" என்றாள் பூங்கோதை.

மகள் எடுக்கவில்லை. பர்வீனால் எடுக்க முடியாது. ஓடிபி இல்லாமல் தடம் திறக்காது. ஓடிபி ஒரே ஒரு போனுக்குத்தான் போகும். நீக்குகிறவர் முதலில் முழுசாகப் படித்தாக வேண்டும். அவள் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் விடை அவர்தான்.

படித்துவிட்டார். படித்துவிட்டு ரசம் கேட்டிருக்கிறார். தண்ணீர் எடுத்து வந்து கொடுத்திருக்கிறார்.

அக்காவுக்காவது சொல்லியாக வேண்டும், அவர்களையும் ஏதாவது செய்துவிடுவார் என்று பதறிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அரிசி டப்பாவின் பக்கத்தில் கிடந்த போன் முழுக்கச் சார்ஜாகி இருந்தது. அவள் சார்ஜ் போடவில்லை. திறந்தாள். அற்புதம் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

'அன்புள்ள பூங்கோதை, பல நாட்களாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. கவலைப்படாதீர்கள், இங்கே எல்லாம் தயார். கல்யாணத்துக்கு மறுநாள் விடியற்காலையில் சிறுமலை ரோட்டில் பழைய செக்போஸ்ட் தாண்டி வந்து நில்லுங்கள். நானே காரில் வந்து அழைத்துப் போகிறேன். யாரிடமும் சொல்ல வேண்டாம், மகளிடம்கூட. இன்னொன்று, தவறாக நினைக்காதீர்கள். இன்று சபையில் அப்படி அழுதிருக்கக் கூடாது. முந்தானையால் மூக்கைத் துடைத்தது நன்றாகவே இல்லை.'

பூங்கோதை அதை இரண்டாவது முறை படித்தாள். அரிசி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தஞ்சாவூரில் இருக்கிற அக்காவுக்கு அவள் அழுதது எப்படித் தெரியும்? மூக்கைத் துடைத்தது எப்படித் தெரியும்? அக்கா திருத்துகிறவள் இல்லையே.

ஆடி மாதம் அக்கா முகவரி மாற்றியது நினைவுக்கு வந்தது. 'பழைய முகவரியை யாரோ கவனிக்கிறார்கள், இனி இதிலேயே எழுதுங்கள்' என்று ஒரு கடிதம் வந்தது. எவ்வளவு முன்ஜாக்கிரதை என்று அன்று நெகிழ்ந்துபோனாள். அதற்குப் பிறகுதான் அக்கா நிறையக் கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். இது யாருக்காவது தெரியுமா? மகளுக்கு? உங்கள் தம்பிக்கு? 'உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது அக்கா' என்று இவள் எழுதினாள். குணசேகரன் செத்துப்போவதாகக் கனவு கண்டதை எழுதினாள். விழித்தபோது நிம்மதியாக இருந்ததையும் எழுதினாள். அத்தனையையும் அவர் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து படித்திருக்கிறார். படித்துவிட்டு, அன்பொழுகப் பதிலும் எழுதியிருக்கிறார்.

சிறுமலை ரோட்டில் அந்த நேரத்தில் ஈ காக்காய் இருக்காது. அவள் காணாமல் போனால் யாரும் அவரைக் கேள்வி கேட்கப் போவதில்லை. போகப்போகிறேன், என்னைத் தேட வேண்டாம் என்று அவளே தன் கையால் கடிதம் கடிதமாக எழுதி வைத்திருக்கிறாள். பாவம், பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா என்று ஊர் அவருக்குத்தான் ஆறுதல் சொல்லும்.

"பூங்கோத" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "காபி கிடைக்குமா?"

"இதோ வர்றேங்க."

பாலை அடுப்பில் வைத்தாள். பால் காய்வதற்குள் அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். அவர் மாட்டிக்கொண்டது அவருக்கே தெரியாது. திருத்தாமல் இருக்க முடியாத அந்தப் புத்தி, அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவளைப் பற்றி எல்லாம் தெரிந்தவருக்கு, அவளிடம் இப்போது தெரியாத ஒன்று இருக்கிறது. பயம் குறையவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் வேறு ஏதோ ஒன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

போனை எடுத்து, மடங்காத விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, நிதானமாகப் பதில் எழுதினாள். 'ரொம்ப நன்றி அக்கா. நீங்கள் சொன்னதுபோலவே மறுநாள் செக்போஸ்ட்டுக்கு வந்துவிடுகிறேன். அழுதது தப்புதான், இனி கவனமாக இருப்பேன்.' அனுப்பினாள். வழக்கம்போலக் குப்பையையும் காலி செய்தாள். செய்யாவிட்டால் சந்தேகம் வருமே.

மறுநாள் வரை அவள் இருக்கப்போவதில்லை. கல்யாணத்தன்றே, தாலி ஏறி, முதல் பந்தி உட்கார்ந்ததும் கிளம்பிவிடுவாள். பெண்ணைப் பெற்ற தகப்பன் அன்று ஒரு நாள் மட்டும் மண்டபத்தை விட்டு இம்மி நகர முடியாது. வருகிறவர்களைக் கும்பிட வேண்டும், சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டும், சம்மந்திகளோடு நின்று போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். பெண்ணைப் பெற்ற தாயோ எங்கே என்று யாருக்கும் தெரியாது. சமையல்கட்டில் கேட்டால் ஸ்டோர் ரூமில் என்பார்கள், ஸ்டோர் ரூமில் கேட்டால் மணமகள் அறையில் என்பார்கள். பர்வீனுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும், போனில் அல்ல, பத்திரிகை வைக்கிற சாக்கில் நேரில் போய். சஷ்டிக்குக் காதோடு சொல்ல வேண்டும், தாலி ஏறிய பிறகு. அவள் அழுவாள். கோபப்படவும் செய்வாள். பிறகு புரிந்துகொள்வாள் என்று நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

அதுவரை இந்த வீட்டில் இருக்க வேண்டும். அவருக்குச் சோறு போட்டு, அவர் பக்கத்தில் படுத்து, முகத்தில் ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாண நாள் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்றும், சீக்கிரம் வந்துவிட வேண்டுமே என்றும் ஒரே சமயத்தில் அவளுக்கு இருந்தது.

காபியை ஆற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கி ஒரு வாய் உறிஞ்சினார். போனை மடிமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். ரொம்பத் திருப்தியாக இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டாள் பூங்கோதை.

தஞ்சாவூருக்கு அவளால் இனிப் போக முடியாது, அங்கேதான் அவர் முதலில் தேடுவார். வேறு ஓர் ஊர் அவள் மனசில் இருந்தது. அதை அவள் தேடிப் பார்க்கவில்லை, எழுதவில்லை, வழி கேட்கவில்லை. எந்த ஊர், யார் வீடு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கல்யாணம் முடிந்து இத்தனை நாளான பின்னும் இங்கே எழுதமாட்டேன். குணசேகரனுக்குக் கதை படிக்கிற பழக்கம் உண்டு.